அடையாற்றுக் கல்யாணங்கள்

பாத்திர அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நான் வேலை பார்த்த வீட்டு அம்மா நின்றிருந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. சுவரோரம் அண்டாக்கள் இருந்த இடத்தில் தரையில் வட்ட வட்டமாகக் கறை மட்டும் இருந்தது. ஒரு மூலையில் புளிச்சக்கை காய்ந்து கிடந்தது.

"தாமு, தி.நகர்லேருந்து ஆள் வந்துட்டுப் போச்சு" என்றார் அம்மா. "அவங்க பொண்ணு கல்யாணத்துக்கு நம்ம பாத்திரம் வேணுமாம். பெரிய அண்டாலேருந்து கரண்டி வரைக்கும். வெள்ளிக்கிழமை ஆள் வருமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? அனுப்பச் சொல்லுன்னுட்டேன்."

மத்தியான வெயில் ஜன்னல் கம்பி வழியாக விழுந்து, அந்தக் கறை வட்டங்களின் மேல் கோடு கோடாகக் கிடந்தது. அம்மா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கொடுக்க ஒரு கரண்டி கூட இல்லை என்று இருவருக்கும் தெரியும். இல்லை என்று சொல்லவும் முடியாது என்பதும் தெரியும்.

தி.நகர்க்காரர்கள் வேறு யாரோ அல்ல. அந்த வீட்டுப் பையனுக்குத்தான் அம்மாவின் மகள் பத்மாவைப் பேசியிருந்தார்கள். பேச்செல்லாம் முடிந்து தட்டு மாற்றுவது ஒன்றுதான் பாக்கி. பையனின் தங்கை கல்யாணம் முடிந்ததும் நாள் பார்ப்பதாக இருந்தது.

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு, நான் கல்யாணப் பாத்திரங்கள் வாடகைக்கு விடும் கடையில் இருப்பவன் என்பது தெரியும். அதற்கு முன்னால் பாத்திரங்களை வாடகை வாங்காமல் கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் அதைச் சொல்ல வேண்டும்.

கைக்குட்டை வீடு

லஸ் பக்கம் அந்த நாளில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். 'கைக்குட்டை வீடு' என்றுதான் பெயர். ஐயாவின், அதாவது அம்மாவின் வீட்டுக்காரரின், பெயர் ஏகாம்பரம். அவர் அப்பா காலத்திலிருந்து கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி வெளிதேசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் லண்டன் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகுமாம். அங்கே பெண்கள் அதைத் தலையிலும் இடுப்பிலும் கட்டிக்கொள்வார்களாம்.

அந்தத் துணிக்கு ஒரு வாசனை உண்டு. சாயமும் எண்ணெயும் கஞ்சியும் சேர்ந்த வாசனை. மூக்கில் வைத்துப் பார்த்து, வாசனை இல்லாவிட்டால் அங்கே வாங்க மாட்டார்கள் என்று ஐயா சொல்வார். அந்த வாசனைதான் வீடாகவும் காராகவும் தோட்டமாகவும் ஆகியிருந்தது. ஐயாவின் சட்டையில்கூட லேசாக அது அடிக்கும்.

நான் நாலாவதோடு படிப்பை நிறுத்தியவன். இருபது வயது தாண்டி அந்த வீட்டு வேலைக்கு வந்தேன். பாத்திர அறை என் பொறுப்பு. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பாத்திரம் பதில் கேட்காது. அதனால் அந்த வேலை பிடித்திருந்தது.

எத்தனை பாத்திரம்! நான் உள்ளே நின்று கைகொட்டினால் பித்தளை முழுதும் சேர்ந்து ஒரு முனகல் முனகும். ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கக்கூடிய கொப்பரை இருந்தது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் 'ந.ஏ. மயிலை' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். இருட்டில் விரலால் தடவினால் தெரியும்.

இப்போது எவர்சில்வர் வந்துவிட்டது. மிஷினை வைத்து 'கிர்' என்று இழுத்துப் பெயர் போட்டுவிடுகிறார்கள். அந்த நாளில் சின்ன உளியும் சுத்தியும் வைத்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்து தட்டுவார். அழிக்க வேண்டுமானால் அராவ வேண்டும். அராவினால் விளிம்பு மெலிந்துபோகும். அது ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

வெறுமையாகப் போகக் கூடாது

மயிலாப்பூரில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் எங்கள் வீட்டுப் பாத்திரம்தான் போகும். வாடகை கிடையாது. தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் கிடையாது. கேட்டால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஐயாவின் அப்பா வைத்த வழக்கம்.

பாத்திரம் வீட்டை விட்டு வெறுமையாகப் போகக் கூடாது என்பதும் வழக்கம். பெரிய அண்டாவில் ஒரு பிடி அரிசியும் ஒரு விரலி மஞ்சளும் போட்டு அனுப்புவேன். திரும்பி வரும்போது அவர்கள் அதில் ஏதாவது போட்டு அனுப்புவார்கள். லட்டு, முறுக்கு, சில வீட்டிலிருந்து வெறும் வெற்றிலை பாக்கு. எது வந்தாலும் அம்மா கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

செலவு என்றால் அந்த வீட்டில் செலவு. அறுபத்து மூவர் திருவிழா அன்று வாசலில் பந்தல் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் ரோஸ் மில்க் கொடுப்பார்கள். வெள்ளி டம்ளரில். சாயங்காலம் பார்த்தால் கொஞ்சம் டம்ளர் குறையும். தேடக் கூடாது என்பது ஐயாவின் உத்தரவு. "சாமி பார்க்க வந்தவனைத் திருடன்னு சொல்லச் சொல்றியா?" என்று கேட்பார். மறு வருஷம் புதிதாக டம்ளர் வரும்.

நீலகிரியிலிருந்து ரயிலில் ரோஜாப்பூ வரும். பனிக்கட்டி தினமும் சாக்கில் சுற்றி வரும். நாய்க்கு ஓர் ஆள். இரண்டு கார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஐயா சரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு பெரிய காரில் பீச்சுக்குப் போவார். டிரைவர் சின்னப்பன் தொப்பி வைத்திருப்பார். அந்தக் காரை வேறு எதற்கும் எடுக்க மாட்டார்கள். காற்று வாங்க மட்டும்.

கப்பல் நின்றது, செலவு நிற்கவில்லை

யுத்தம் வந்தது. கப்பல்களையெல்லாம் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கைக்குட்டையை யார் ஏற்றுவார்கள்? மூட்டைகள் துறைமுகத்துப் பக்கம் கிடங்கில் தங்கின. நெசவை நிறுத்தும்படி பலர் சொன்னார்கள். ஐயா கேட்கவில்லை. "நிறுத்தினா நெசவாளிங்க கை மறந்துடும்" என்றார். துணி வந்துகொண்டே இருந்தது. கிடங்கு நிரம்பி, வீட்டு மாடியிலும் மூட்டை ஏறியது. மழைக்காலத்தில் வீடு முழுக்க அந்த வாசனை.

பிறகு, ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே காலியானது. ஐயாவின் வீடுகளில் குடியிருந்தவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார்கள். வாடகையும் நின்றது. மாட வீதியில் பகல் நேரத்தில் நாய்கள் நடுத்தெருவில் படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்போதும் செலவைக் குறைக்கவில்லை. குறைத்தால் கைக்குட்டை வீடு நொடித்துவிட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே. சின்ன கார் போயிற்று. ரோஜாப்பூ நின்றது. ஆனால் ரோஸ் மில்க் நிற்கவில்லை.

பெட்ரோல் கிடைக்காமல் போனபோதுதான் ஒரு விஷயம் நடந்தது. சின்னப்பன் தயங்கித் தயங்கி வந்து, "டாங்கில ஒண்ணும் இல்ல ஐயா" என்றார். ஐயா அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். போர்ட்டிகோவில் நின்ற காரில் ஏறி உட்கார்ந்தார். சின்னப்பனும் தொப்பியை வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். ஐயா பேப்பர் படித்தார். இருட்டும் நேரத்தில் இறங்கி உள்ளே போனார்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். நாளாவட்டத்தில் டயரில் காற்று இறங்கி வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. ஐயா சாய்ந்தபடியே உட்கார்ந்து பேப்பர் படித்தார். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு அது பழகிவிட்டது.

அடையாற்றில் மட்டும்

பாத்திரத்தை விற்பது என்று அம்மாதான் முடிவு செய்தார். யுத்தத்தில் பித்தளைக்கு நல்ல கிராக்கி. ராயப்பேட்டையில் காதர் பாய் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். உடைத்து உருக்காமல் முழுசாகவே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். விளிம்பில் இருக்கும் பெயரை அழித்துவிட வேண்டும். பாய் சரி என்றார்.

ஊர் கண்ணில் படாமல் எப்படி அனுப்புவது? அதற்கு எங்கள் வழக்கமே வழி காட்டியது. பாத்திரம் வண்டியில் ஏறி வெளியே போவது அந்தத் தெருவுக்குப் புதிதில்லை. பட்டப் பகலில், கன்னியப்பன் மாட்டு வண்டியில், பெரிய அண்டாவில் அரிசியும் மஞ்சளும் போட்டு அனுப்பினோம். விற்ற அண்டாவும் வெறுமையாகப் போகவில்லை.

முனையில் வெற்றிலைக் கடைக்காரர் கேட்பார், யார் வீட்டுக் கல்யாணம் என்று. எனக்குப் பொய் சொல்ல நாக்கு வராது. முதல் தடவை திணறி, "அடையாறு பக்கம்" என்றேன். அந்த நாளில் அடையாறு தோப்பும் துரவுமாக இருந்தது. ஆற்றைத் தாண்டிப் போய் யாரும் விசாரிக்க மாட்டார்கள். அதனால் அடுத்த தடவையும் அடையாறு. அதற்கடுத்ததும் அடையாறு.

ஒருநாள் அவர் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அடையாத்துல மனுசனவிட கல்யாணம் ஜாஸ்தியாக் கீதே, நைனா."

நான் தலையைக் குனிந்துகொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தேன். கன்னியப்பன் மட்டும் மாட்டைத் தட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டு வந்தான்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. காரில் உட்கார்ந்திருக்கும் ஐயா கண்ணில் வண்டி படும். என்ன விசேஷம் என்று கேட்பார். அடையாற்றில் கல்யாணம் என்று அம்மா சொல்வார். "நம்ம சார்பா ஒரு பட்டுப் புடவை வெச்சு அனுப்பு. வெறும் பாத்திரமா போறது?" என்பார் ஐயா. அம்மா சரி என்பார். அந்தப் புடவைகள் பீரோவுக்குத் திரும்பிப் போகும். நடக்காத கல்யாணங்களுக்கு அந்த வீடு சீர் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஐயாவுக்கு உண்மை தெரியுமா என்று பல பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் தெரியாது. அவர் பாத்திர அறைப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை.

பாய் செய்யாத வேலை

இப்போது அந்தக் காலி அறைக்குத் திரும்புகிறேன்.

அம்மா தன் காதிலிருந்த வைரத் தோட்டில் ஒன்றைத் திருகினார். பிறகு மற்றதையும். என் கையில் வைத்து, "பாய் கடையிலேருந்து வாடகைக்கு எடுத்துட்டு வா. வெள்ளிக்கிழமைக்குள்ள இங்க இருக்கணும்" என்றார்.

வாங்கிக்கொண்டேன். ஆனால் பாத்திரம் மட்டும் வந்தால் போதுமா என்று தோன்றியது. தி.நகர் சம்பந்தி அம்மாள் பாத்திரம் புழங்கினவர். பெயர் இல்லாத பாத்திரம் வந்தால் விளிம்பைத் தடவிப் பார்க்க மாட்டாரா? கைக்குட்டை வீட்டுப் பெயர் எங்கே என்று கேட்க மாட்டாரா? அவர்கள் இந்தச் சம்பந்தத்துக்கு ஆசைப்பட்டதே அந்தப் பெயருக்காகத்தான் என்று ஊர் சொன்னது. அவர் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குக் கொட்டகை போடும் காண்ட்ராக்டர். புதுப் பணம்.

ராயப்பேட்டை போகும் வழியெல்லாம் பாயிடம் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கடைக்குள் போனதும் மறந்துவிட்டது. ஏனென்றால் முதலில் கண்ணில் பட்டது எங்கள் கொப்பரை. விளிம்பைத் தடவினேன். ந.ஏ. மயிலை. பக்கத்து அண்டாவையும் தடவினேன். அதிலும் இருந்தது. ஒன்றில்கூட அழிக்கவில்லை.

"அழிக்கறேன்னு சொன்னீங்களே, பாய்" என்றேன்.

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "சொன்னேன், நைனா. அராவினா வாய் மெலிஞ்சு பூடும். ஒரு பெரிய அடுப்புக்குத் தாங்காது. அதுவும் இல்லாம, இந்தப் பேர் இருந்தாத்தான் ஜனம் கேட்டு எடுக்குது. கைக்குட்ட வூட்டு அண்டால வடிச்சா சோறு பத்தாமப் போவாதாம்."

அவர் வாக்குத் தவறியதற்கு நான் கோபப்பட வேண்டும். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, சந்தோஷத்தில்.

எல்லாம் வேண்டும் என்றேன். எங்கே கல்யாணம் என்று பாய் கேட்டார். வேறு எதுவும் வாயில் வரவில்லை. "அடையாத்துல" என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். நான் நீட்டிய கையிலிருந்த தோடுகளைப் பார்த்தார். பிறகு என் விரல்களை மடக்கி மூடிவிட்டார். "வாடகைய அப்பறம் பாத்துக்கலாம். அம்மாகிட்ட இத திருப்பிக் குடுத்துடு" என்றார். வண்டியில் ஏற்றும்போது வாசலிலிருந்து குரல் கொடுத்தார்: "மூடியெல்லாம் சரியாப் பாத்து எடுத்துக்க. எப்பவும் மூடிதான் மறந்து பூடும்."

பச்சைப் பிறை

பாத்திரங்கள் பின்வாசல் வழியாக வந்து இறங்கின. பித்தளை மறுபடி அந்த அறையில் முனகியது. அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தோம், ஒவ்வொன்றின் அடியிலும் பச்சைப் பெயிண்டில் ஒரு சின்னப் பிறை. பாய் கடை அடையாளம்.

கிணற்றடியில் போட்டுத் தேய்த்தோம். நானும் அம்மாவும் போதவில்லை. பத்மா புடவையைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். காலேஜில் சேர்ந்து பாதியில் நின்ற பெண். அதுவரை அந்தக் கை சாம்பலைத் தொட்டதில்லை. தேங்காய் நாரும் செங்கல் பொடியும் எடுத்து அழுத்தித் தேய்த்தாள்.

"அண்ணே, பத்துப்பாத்திரம் தேய்ச்சுப் பொண்ணைக் கரையேத்தினாங்கன்னு சொல்வாங்களே" என்றாள். "இங்க பொண்ணே தேய்க்குது."

"கையில கொப்புளம் வரும், பத்மாம்மா. வுடுங்க."

"வரட்டும். நாளைக்கு இதையும் அவங்ககிட்ட மறைக்கணும், அவ்வளவுதானே."

அம்மா தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். பத்மாவின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை தி.நகர் ஆட்கள் வந்தார்கள். கன்னியப்பன் வண்டியில்தான் ஏற்றினோம். அரிசியும் மஞ்சளும் போட்டேன். ஐயா காரில் இருந்து, "புடவை வெச்சீங்களா?" என்று கேட்டார். இந்த முறை உண்மையாகவே வைத்தோம்.

கல்யாணம் முடிந்த மறுநாள் கேட் அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் வந்தான். வண்டி காலியாக இருந்தது.

"தி.நகர் அம்மா நேரா பாய் கடைக்கே ஓட்டச் சொல்லிச்சு" என்றான். "எல்லாத்தயும் அங்க எறக்கிட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "நான் ஒண்ணும் சொல்லல, அண்ணே. சத்தியமா."

உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். பாத்திர அறை வாசற்படியில் உட்கார்ந்தார். "தெரிஞ்சுபோச்சு" என்றார். பத்மா மாடிப்படியில் நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சுற்று வழி

அன்று சாயங்காலம் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. ஆண்டாளம்மாள் இறங்கினார். அவர்தான் பையனின் அம்மா. தனியாக வந்திருந்தார். கையில் சிவப்புத் துணி மூடிய தாம்பாளம்.

போர்ட்டிகோவில் ஐயா வழக்கம்போல் காரில் இருந்தார். அம்மாள் கும்பிட்டார். ஐயா பேப்பருக்கு மேலாகத் தலையசைத்தார். அம்மாள் கூடத்துக்கு வந்து, சோபாவைப் பார்த்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வாசற்கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் பேசுவது கார் வரைக்கும் கேட்கும்.

"பாத்திரமெல்லாம் சேர வேண்டிய எடத்துல சேத்துட்டேங்க" என்றார்.

அம்மா தூணைப் பிடித்தபடி நின்றார்.

"அடியெல்லாம் நல்லாத் தேச்சிருந்தாங்க. பளபளன்னு இருந்துச்சு. மூடியத் தொறந்தா பாயோட பச்சப் பிறை சிரிக்குது. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. எங்க நாத்தனார் கண்ணாலத்துக்கு நாங்களும் அங்கதானே எடுத்தோம்."

மூடி! மூடிகளின் உட்பக்கத்தை யாருமே பார்க்கவில்லை.

"தப்புதாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்" என்றார் அம்மா. குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இன்னா தப்பு? நான் கேட்டுட்டேன்னு வாடகைக்கு எடுத்து ஓசில குடுத்திருக்கீங்க. என் ஆயுசுல இப்பிடி ஒரு கிறுக்குப் புடிச்ச வூட்டப் பாத்ததில்ல." அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க வூட்டுக்காரரு பட்டாளத்துக்குக் கொட்டா போடறாரு. சண்ட நின்னா அவருக்கும் வேல நின்னுச்சு. அன்னிக்கு எங்க வூட்டுல ஒருத்தி வோணுங்க. இல்லன்னு சொல்லத் தெரியாதவளா."

பத்மா படியிறங்கி வந்தாள். தாம்பாளத்தின் மேலிருந்த துணியை எடுத்தாள். மஞ்சள், குங்குமம், வெற்றிலை, ஒரு சீப்பு வாழைப்பழம். பழத்தைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, விளிம்பிலிருந்த 'ந.ஏ. மயிலை'யைக் கட்டைவிரலால் தடவினாள். விரல்களில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

"இதையும் கடையில குடுத்திருக்கலாமே, அத்தை" என்றாள். "இது எங்களுது இல்லையே."

அந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தையை வாய் திறந்து யாரும் சொன்னதில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"இத மட்டும் பாய்கிட்ட வெல பேசி வாங்கிட்டேன், கண்ணு. குடுக்க மாட்டேன்னுதான் நின்னாரு. சண்ட போட்டு வாங்கினு வந்தேன். இப்ப இது எங்க வூட்டுது. எங்க வூட்டுத் தாம்பாளத்துலதானே நாங்க தட்டு மாத்தணும்?"

பத்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆனால் தட்டு மாற்ற ஐயா சம்மதிக்க வேண்டும். ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று ஆன பிறகு அவர் சம்மதிப்பாரா? ரோஸ் மில்க் டம்ளரைத் தேட விடாத மனுஷர். எல்லாரும் வாசல் பக்கம் பார்த்தோம். காரில் பேப்பர் அசையவில்லை.

ஆண்டாளம்மாள் எழுந்து வெளியே போனார். காரருகே போய் நின்றார். உள்ளேயிருந்து ஐயா கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க" என்றார். "தி.நகர்ல விட்டுடச் சொல்றேன்."

டாங்க் வறண்டு மாசக்கணக்காகிவிட்டது. ஆண்டாளம்மாள் தரையோடு படிந்திருந்த டயரைப் பார்த்தார். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஸ்பிரிங் கிறீச்சிட்டது. சின்னப்பன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

வேப்பமரத்தில் காக்கைகள் அடையும் நேரம். இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாக் காத்து வருதுங்க" என்றார் அம்மாள்.

"பீச் ரோடு வழியாப் போனா இன்னும் நல்லா வரும்."

"சுத்து வழி ஆச்சே."

"பரவாயில்லை" என்றார் ஐயா.

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஆண்டாளம்மாள் கதவைத் திறந்தார்.

"வூடு வந்துருச்சு. நான் எறங்கிக்கறேன், சம்பந்தி."

ஐயா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "நாள் பாத்துச் சொல்லி அனுப்பறேன்" என்றார்.

அம்மாள் நடந்து போய் ஜட்காவில் ஏறினார்.

மீதியைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் மாட வீதிப் பக்கம் ஒரு சின்ன சத்திரத்தில் நடந்தது. வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பாத்திரம் பாய் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்தோம். இந்த முறை எதையும் தேய்க்க வேண்டாம் என்று பத்மா சொல்லிவிட்டாள். அந்தத் தை மாதமே வீட்டை விற்று, பெரியவர்கள் இருவரும் மந்தைவெளிப் பக்கம் சின்ன வீட்டுக்குப் போனார்கள். நான் பாய் கடைக்கு வந்தேன், பாத்திரங்களோடு.

ஆனால் அன்று ஜட்கா போன பிறகு நடந்ததைச் சொல்லவில்லையே. ஐயா காரை விட்டு இறங்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. பத்மா விளக்கை ஏற்றிக் கூடத்தில் வைத்தாள். அந்த வெளிச்சம் போர்ட்டிகோ வரை வந்தது.

"சின்னப்பா" என்றார் ஐயா. "வீட்டுக்குப் போகலாம்."

சின்னப்பன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு இறங்கி வந்து, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னார்:

"வந்துட்டோம், ஐயா."